மனையில் பாதுகாக்கப்பட்ட பூச்சிகள் உண்டா? ஒரு வாழிட மதிப்பீட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

ஏறத்தாழ 4 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு மனையில் கட்டுமானத்தைத் தொடங்குவதற்கு முன், சட்டப் பாதுகாப்புப் பெற்ற பூச்சியினங்கள் எவையேனும் அங்கு வாழக்கூடுமா என்று ஆராய்ந்து அறிக்கை தருவதற்காக ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். திட்டத்தின் சார்பில் அவர்களுடன் பேசியவனும், களத்துக்கு உடன் சென்றவனும், மூன்று வடிவங்களில் வந்த அறிக்கையை வரிக்கு வரி படித்தவனும் நான்தான் என்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். மனையில் ஐயத்துக்குள்ளான பூச்சியின் பெயரையும் தவிர்க்கிறேன். அதற்குக் காரணம் வேறு. அரிய வண்டுகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் சேகரிப்போரிடையே சந்தை உண்டு. இன்ன இனம் இன்ன இடத்தில் இருக்கலாம் என்று பொதுவெளியில் எழுதுவது அவர்களுக்கு வழிகாட்டுவதாகவே முடியும். அறிக்கையின் பொதுப் பிரதியைத் தந்தபோது அந்நிறுவனமும் அந்த இனம் இருக்கக்கூடிய இடத்தைக் காட்டும் வரைபடத்தை நீக்கிவிட்டே தந்தது. அந்த எச்சரிக்கையுணர்வு எனக்குப் பிடித்திருந்தது.

இத்தகைய சேவையை முதன்முறையாக வாங்குபவர், யாரோ வலையுடன் வந்து பூச்சிகளைப் பிடித்து எண்ணித் தருவார்கள் என்றே எதிர்பார்ப்பார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். உண்மையில் முதற்கட்டத்தில் பூச்சியை எவரும் தேடுவதில்லை. அந்தப் பூச்சி உயிர்வாழத் தேவையானவை மனையில் இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி. அதற்காக அவர்கள் விலைப்புள்ளி தருவதற்கு முன்னரே எங்களிடம் மண் பரிசோதனை அறிக்கை, நில அளவை வரைபடம், கிடைத்த அளவுக்குப் பழைய வான்படங்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினார்கள். அந்த நிலம் எப்போது உழப்பட்டது, எப்போது மேய்ச்சலுக்கு விடப்பட்டது, வடகிழக்கு மூலையிலுள்ள பள்ளத்தில் ஆண்டில் எத்தனை மாதம் நீர் நிற்கும் என்றெல்லாம் கேட்டார்கள். வேறு இரண்டு நிறுவனங்கள் இவை எதையும் கேட்காமல் பரப்பளவை மட்டும் கேட்டு விலைப்புள்ளி அனுப்பியிருந்தன. பரப்பளவை மட்டும் கேட்டு விலை சொல்ல இது என்ன தரை ஓடு பதிக்கும் வேலையா என்று எங்கள் பொறியாளர் ஒருவர் கேட்டார். இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

ஆவண ஆய்வுப் பகுதி அறிக்கையில் நன்றாகவே அமைந்திருந்தது. குறிப்பாக, ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்தாமல், பட்டியலில் வந்த ஒவ்வோர் இனத்துக்கும் சட்டம் எதைத் தடுக்கிறது என்று தனியாகக் குறித்திருந்தார்கள். இந்த வேறுபாடு மனை உரிமையாளருக்கு மிக முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட நெறிமுறை, அதன் நான்காம் இணைப்பில் உள்ள பூச்சிகளைக் கொல்வதை மட்டுமன்றி அவை இனம்பெருக்கும் இடத்தைச் சிதைப்பதையும் தடுக்கிறது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ மான்கொம்பு வண்டுக்குத் தரப்பட்டுள்ள பாதுகாப்பு விற்பனைக்கு எதிரானது மட்டுமே. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் 2022-இல் திருத்தப்பட்டு எண்ணிக்கையிலேயே குறைந்தன. பழைய பட்டியலைப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கை அங்கு செல்லாது. எந்த நாளில் நடைமுறையிலிருந்த பட்டியலைக் கொண்டு அறிக்கை எழுதப்பட்டது என்ற தேதி முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் அது இருந்தது.

இனி கள நடை. இந்தச் சேவையில் நான் முழு மனத்துடன் பாராட்டும் பகுதி இதுதான். வந்த பூச்சியியல் வல்லுநர் அரைநாள் முழுதும் பெரும்பாலும் குனிந்தே நடந்தார். வானில் பறந்த பட்டாம்பூச்சிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் அவர் குறிப்பேட்டில் எழுதியதெல்லாம் புல்லின் உயரம், வெற்று மண் தெரியும் திட்டுகள், சரிவு எந்தத் திசையை நோக்கியது, எறும்புப் புற்றுகள், பட்டுப்போன கிளைகள் ஆகியவற்றைப் பற்றியே. ஓரிடத்தில் ஒரு பட்டாம்பூச்சியினுடைய புழுக்களின் உணவுத் தாவரம் செழித்து நின்றதைக் காட்டி, அப்படியானால் அந்தப் பட்டாம்பூச்சியும் இருக்குமா என்று கேட்டேன். அவர் பதிலுக்கு லார்ஜ் ப்ளூ எனப்படும் நீலப் பட்டாம்பூச்சியின் கதையைச் சொன்னார். அதன் புழு முதல் சில வாரங்கள் காட்டு தைம் செடியின் பூக்களைத் தின்கிறது. பின்னர் ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணிக் கூட்டுக்குள் தூக்கிச் செல்ல, அங்கே எறும்பின் புழுக்களைத் தின்று வளர்கிறது. அந்த எறும்புக்கு வெயில் படும் கதகதப்பான மண் வேண்டும். பிரிட்டனில் மேய்ச்சல் குறைந்து, நோயால் முயல்களும் குறைந்து, புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தவுடன் மண் குளிர்ந்தது; எறும்பு விலகியது; செடி இருந்தும் பட்டாம்பூச்சி 1979-இல் அங்கு அற்றுப்போனது. காரணத்தைக் கண்டறிந்த பின்னர், 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றை வைத்து மீண்டும் குடியமர்த்தினார்கள். உணவுத் தாவரம் இருக்கிறது, ஆகவே பூச்சி இருக்கலாம் என்று மட்டும் எழுதுகிற அறிக்கையை ஏன் நம்பக்கூடாது என்பதை எனக்கு விளங்கவைக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானதாக இருந்தது.

எங்கள் மனையில் அந்தத் தாவரம் இருந்த திட்டில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆகவே அந்தத் திட்டைத் ‘தற்போது பொருந்தாதது, புல்லை வெட்டினால் பொருந்தக்கூடியது’ என்று அறிக்கை வகைப்படுத்தியது. மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று நாங்களே புல்லை வெட்டி, நாங்களே ஒரு வாழிடத்தை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

பூச்சியைக் காணாமலே அதன் இருப்பை அறியும் சான்றுகளைத் தேடுவதிலும் அவர்கள் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். பல இனங்களுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. அமெரிக்காவில் 1980-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட, கலிபோர்னியாவின் எல்டர்பெரி செடியில் வாழும் நீள்கொம்பு வண்டின் புழு ஓரிரு ஆண்டுகள் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. முதிர்ந்த வண்டை நேரில் காண்பது அரிது. தண்டில் அது விட்டுச்சென்ற வெளியேறும் துளைதான் பெரும்பாலும் கிடைக்கும் ஒரே அடையாளம். அதனால்தான் அங்கே ஓர் அங்குலத்துக்கு மேல் பருத்த தண்டுகளையெல்லாம் எண்ணிக் குறிக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய மரப்பொந்துகளில் வாழும் துறவி வண்டை அதன் புழுக்கள் கழித்த உருண்டைகளைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். ஆண் துறவி வண்டு வெளியிடும் பழவாசனை போன்ற ஒரு வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்து இனக்கவர்ச்சிப் பொறியாகவும் பயன்படுத்துகிறார்கள். அந்த வண்டை அற்பமாக எண்ணுவோர், பிரான்சில் ல மான், தூர் நகரங்களுக்கு இடையே ஏ28 நெடுஞ்சாலைப் பணி அதன் பொருட்டு 1990-களில் நின்று, பல ஆண்டுகள் தாமதப்பட்டதை அறிந்திருப்பது நல்லது. தட்டான்களுக்கோ நீரோரத் தண்டுகளில் அவை கழற்றிவிட்ட தோலே சான்று. பறந்துகொண்டிருக்கும் தட்டான் எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். கழற்றிய தோல் மட்டுமே அது அந்த நீரில் வளர்ந்தது என்பதை உறுதிப்படுத்தும். எங்கள் பள்ளத்தின் ஓரத்தில் அவர்கள் இரண்டு மணி நேரம் தோல்களைத் தேடியெடுத்து, தேதி எழுதிய சிறு குப்பிகளில் இட்டு வைத்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பருவம். ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் முதல் கள நடையை நடத்திவிட்டார்கள். அது தாவரங்கள் காய்ந்து கருகியிருந்த காலம். சில செடிகளை இனம் பிரித்தறியவே இயலவில்லை. அவசரப்பட்டது நாங்கள்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதத்தில் நடப்பதால் பயனில்லை, இன்னும் பத்து வாரம் பொறுங்கள் என்று சொல்வதற்குத்தான் வல்லுநரை வைக்கிறோம். வாடிக்கையாளரின் அவசரத்துக்கு இணங்கிப்போனது தொழில்முறைப் பிழை. பூக்கும் காலத்தில் இரண்டாம் முறை வந்தபோது, முதல் முறை ‘களைகள்’ என்று எழுதப்பட்டிருந்த ஒரு பகுதியில் நான்கு வகைத் தேன் செடிகள் நின்றன. மறுவருகைக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது குறை சற்றுக் கடுமையானது. தென்புற எல்லையோரம் பழைய கட்டைகள் குவிந்து மட்கிக் கிடந்தன. முதல் வரைவின் வாழிட வரைபடத்தில் அந்தக் குவியலே இல்லை. அந்த இடம் முழுதும் ‘வெற்றுத் தரை’ என்று ஒரே நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது. களத்தில் வல்லுநர் அதன் முன் நின்று நெடுநேரம் குறிப்பெடுத்ததை நானே பார்த்தேன். குறிப்பேட்டில் இருந்தது வரைபடத்துக்கு வரவில்லை. ஏனென்றால் வரைபடத்தை வரைந்தவர் களத்துக்கு வந்தவரல்லர், வான்படத்தைப் பார்த்து வரைந்த வேறொருவர். மட்கும் மரம் பூச்சி மதிப்பீட்டில் சிறிய செய்தியன்று. மான்கொம்பு வண்டின் புழு மண்ணுக்கடியில் மட்கும் மரத்தில் 3 முதல் 7 ஆண்டுகள் வரை வளர்கிறது; முதிர்ந்த வண்டோ ஒரு கோடையின் சில வாரங்களே உயிர்வாழ்கிறது. அத்தகைய பூச்சியை வெளியே காணாத மாதங்களே மிகுதி. ஆனால் அந்த மாதங்களிலெல்லாம் அது அங்கேதான் இருக்கிறது. கட்டைக் குவியலை வரைபடத்தில் விட்டுவிட்டு, பின்னர் பொக்லைன் கொண்டு அள்ளிவிட்டால் எந்த அறிக்கையாலும் அதைச் சரிசெய்ய இயலாது. நாங்கள் சுட்டிக்காட்டிய ஒரு வாரத்தில் திருத்திய வரைபடம் வந்தது. நான் களத்துக்கு உடன் செல்லாதிருந்தால் அந்தப் பிழை அச்சாகியிருக்கும்.

பொறிகளைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் கட்டத்தில், வெளிச்சத்தால் பூச்சிகளை ஈர்க்கும் இரவு விளக்குப்பொறியும், தரையில் ஊர்பவை விழும்படி மண்ணில் புதைக்கும் குழிப்பொறியும் வைத்தார்கள். குழிப்பொறியில் பதனத் திரவம் ஊற்றினால் விழுவதெல்லாம் இறந்துவிடும். பாதுகாக்கப்பட்ட இனம் இருக்கலாம் என்று ஐயுறும் இடத்தில் அது சட்டமீறலாகவும் ஆகலாம். இவர்கள் உலர்ந்த பொறிகளையே வைத்து, ஈர மண்ணும் மறைவிடமும் உள்ளே அமைத்து, விடியற்காலையில் வெயில் ஏறும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து விடுவித்தார்கள். அமெரிக்காவில் 1989 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் பிணம் புதைக்கும் வண்டைத் தேடும்போது, அழுகிய இறைச்சியை இரையாக வைத்த பொறிகளை இவ்வாறுதான் அதிகாலையில் பார்க்கிறார்கள். பொறி வைப்பதற்கான அனுமதிச் சீட்டின் நகலை நாங்கள் கேட்கும் முன்னரே அறிக்கையுடன் இணைத்திருந்தார்கள். விளக்குப்பொறியை மட்டும் மதிலுக்கு அப்பாலிருந்த தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தது சரியான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வருகையின் தொடக்க நேரம், முடிவு நேரம், வெப்பநிலை, மேகமூட்டம், காற்றின் வேகம் ஆகியவை பின்னிணைப்பில் பதிவாகியிருந்தன. இதைச் சிலர் சடங்கு என்று நினைக்கக்கூடும். பிரிட்டனில் 1970-களில் எர்னஸ்ட் பொல்லார்டு வகுத்த பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு முறையில், குறித்த பாதையில் 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ண வேண்டும். வெப்பநிலை 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் எண்ணவே கூடாது. 13-க்கும் 17-க்கும் இடையே என்றால் போதிய வெயில் இருந்தாக வேண்டும். இந்த எண்கள் குளிர்நாட்டுக்கு உரியவை, வெப்ப நிலங்களில் அப்படியே எடுத்தாள இயலாது. ஆனால் தத்துவம் எங்கும் ஒன்றே. பறக்க இயலாத வானிலையில் பூச்சியைத் தேடிவிட்டு, காணப்படவில்லை என்று எழுதுவது, கடை பூட்டியிருந்த நேரத்தில் போய்விட்டு அங்கே சரக்கு இல்லை என்று சொல்வதைப் போன்றது. எங்கள் ஐந்து வருகைகளில் ஒன்றை, காற்று மிகுந்திருந்ததால் செல்லாது என்று அவர்களே தள்ளிவைத்து, வேறொரு நாளில் மீண்டும் நடந்தார்கள்.

அப்படிப்பட்டவர்களே முதல் வரைவின் சுருக்கத்தில், ‘பாதுகாக்கப்பட்ட பூச்சியினங்கள் எவையும் மனையில் இல்லை’ என்று ஒரே வரியில் எழுதியிருந்ததுதான் எனக்கு வியப்பு. உள்ளே நாற்பது பக்கங்களில் அவர்கள் காட்டிய கவனத்துக்கு அந்த ஒரு வரி பொருந்தவில்லை. அனுமதி வழங்கும் அதிகாரியோ பெரும்பாலும் சுருக்கத்தைத்தான் படிப்பார். வாழிடமே இல்லாததால் இருக்க வாய்ப்பில்லாத இனம் வேறு. வாழிடம் இருந்து, முறையாகத் தேடியும் தென்படாத இனம் வேறு. வாழிடம் இருந்து, தேடும் பருவம் தவறியதால் தெரியாமல் நிற்கும் இனம் வேறு. முதலாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் ‘இல்லை’ என்ற சொல் பொருந்தாது. 1993-இல் அமெரிக்கப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈயான டெல்லி மணல் ஈயை எடுத்துக்கொள்வோம் (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், கலிபோர்னியாவின் ஒரு மணல் வகைக்கு அந்தப் பெயர், இந்தியத் தலைநகருக்கும் அதற்கும் உறவில்லை). முதிர்ந்த ஈ கோடையின் பிற்பகுதியில் சில வாரங்களே வெளியே வரும். எனவே அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே பருவத்தில் தேடிய பின்னரே இல்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். 1995-இல் பட்டியலில் சேர்ந்த ஹைன்ஸ் எமரால்டு தட்டானின் இளம்பருவம் நீருக்குள் 4, 5 ஆண்டுகள் நீள்கிறது. ஒரு பருவத் தேடலை வைத்து இத்தகைய உயிர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது.

இதை எழுத்தில் கேட்டபோது வல்லுநர் உடனே ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் மேலாளர்தான் சுருக்கம் எளிமையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இரண்டு வார மடல் பரிமாற்றத்துக்குப் பின் வந்த மூன்றாம் வடிவத்தில் ஒவ்வோர் இனமும் மேற்சொன்ன மூன்று வகைகளில் ஒன்றில் வைக்கப்பட்டு, பக்கத்தில் காரணமும் எழுதப்பட்டிருந்தது. கட்டைக் குவியலுக்குரிய வண்டு மூன்றாம் வகையில் நின்றது. இந்த வடிவம்தான் நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருள். முதல் வடிவத்தை மட்டும் வாங்கியிருந்தால் இந்த மதிப்புரையின் தொனி வேறாக இருந்திருக்கும்.

பரிந்துரைகள் கலவையாக இருந்தன. கட்டைக் குவியலை இடம் மாற்றாமல் அப்படியே விட்டு, சுற்றிலும் வேலியிட்டு, வாகன நிறுத்தத்தை மேற்கே நகர்த்தச் சொன்னது தெளிவானது, செய்யக்கூடியது. பள்ளத்தின் ஓரம் இரவு விளக்குகளை மஞ்சள் ஒளியுடன் தரை நோக்கி அமைக்கச் சொன்னதும் அப்படியே. ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘தேனீ விடுதி’ வைக்கலாம், பூச்செடிகள் நடலாம் என்று வந்த ஆறு வரிகள் எந்த மனைக்கும் எழுதக்கூடியவை. வேறோர் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்பது எழுத்துருவின் அளவு மாறியிருந்ததிலேயே தெரிந்தது. அந்த விடுதி எனப்படும் துளையிட்ட மரப்பெட்டி, மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீக்கு எந்த வகையிலும் உதவாது என்பதை அதே அறிக்கையின் 17-ஆம் பக்கம் சொல்கிறது.

இந்தச் சேவையை அமர்த்த நினைப்பவர்கள், கட்டட அமைப்பு வரைபடம் முடிவாவதற்கு முன்பே அழைத்துவிட வேண்டும். முடிவான பின் அழைத்தால் வாகன நிறுத்தத்தை நகர்த்துங்கள் என்ற எளிய பரிந்துரைகூடப் பெரிய சண்டையாகிவிடும். களத்துக்கு வருபவரே வரைபடத்தையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கள நடையின்போது எழுதிய தாள்களின் நகலையும் கேளுங்கள். எங்களுக்கு அவை கேட்டு ஐந்து வாரம் கழித்தே கிடைத்தன, ஆனால் கிடைத்த பின்னர் அறிக்கையைவிட அவையே அதிகம் பயன்பட்டன.

அறிக்கையின் இறுதியில், இதன் முடிவுகள் இரண்டு பருவங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், அதற்குள் பணி தொடங்காவிட்டால் மீண்டும் நடந்து பார்க்க வேண்டும் என்றும் குறித்திருந்தார்கள். வேறு காரணங்களால் எங்கள் பணி தள்ளிப்போய்விட்டது. மறுநடைக்கு அதே வல்லுநரையே கேட்டிருக்கிறேன். செடிகள் பூக்கும் மாதத்துக்கு முன் எவரும் மனைக்குள் குறிப்பேட்டுடன் நுழையக்கூடாது என்பதை இம்முறை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.